எஃப்எல் ஸ்டூடியோவா, கியூபேஸா, ரீப்பரா? அண்ணாவியார் பாட்டைப் பதிய எது சரி?

படுவான்கரை_பாட்டு:

எல்லோருக்கும் வணக்கம். எங்கள் ஊர் மட்டக்களப்பில் கொக்கட்டிச்சோலைப் பக்கம். இரண்டு வருடமாக எஃப்எல் ஸ்டூடியோ என்ற இசை சொஃப்ட்வெயாரில் பாட்டுச் செய்து பழகுகிறேன். கோயில் திருவிழாவுக்கு மூன்று பக்திப் பாட்டும் மச்சாளின் கலியாண வீடியோவுக்கு ஒரு பாட்டும் செய்து கொடுத்தேன். எல்லாம் கீபோர்டும் லூப்பும் (திரும்பத் திரும்ப ஓடும் ஒலித்துண்டுகள்) வைத்துச் செய்தவை, குரலை மட்டும்தான் மைக்கில் எடுத்தேன். அதுவரைக்கும் ஒரு பிரச்சினையும் வரவில்லை.

இப்போது விஷயம் வேறு. என் அம்மப்பா வடமோடிக் கூத்தைப் பழக்கி நடத்தும் அண்ணாவியார், வயது 74. அவருக்குத் தெரிந்த பாட்டுகளில் பாதிக்கு மேல் எந்தக் கொப்பியிலும் இல்லை, அவருடைய தலைக்குள்தான் இருக்கின்றன. போன மாதம் அவரை விறாந்தையில் இருத்தி மத்தளத்தோடு பாத்திரம் அரங்குக்கு வரும்போது பாடும் வரவுத் தரு ஒன்றைப் பதியப் பார்த்தேன். டெம்போவை, அதாவது தாள வேகத்தை, நிமிடத்துக்கு 96 அடி என்று வைத்து ஹெட்ஃபோனில் மெட்ரோனோம் கொடுத்தேன். இரண்டு வரி பாடினார், அப்புறம் ஹெட்ஃபோனைக் கழற்றி மடியில் வைத்துவிட்டு "இந்த டிக் டிக் நிண்டாத்தான் நான் படிப்பன் புள்ள" என்றார். சரி என்று அதை நிறுத்திவிட்டுப் பதிந்தேன். தொடக்கத்தில் 90க்குக் கிட்ட இருந்த அடி, ஆட்டம் ஏற ஏறக் கடைசியில் 120ஐத் தாண்டிவிட்டது. அதை எஃப்எல் திரையில் ஒரே வேகத்துக்குப் போட்டிருக்கும் கட்டங்களுக்குள் இழுத்துப் பொருத்தினால், மத்தளத்தின் இடந்தலையில் (இடப்பக்கத் தோலில்) விழும் அந்தத் தொம் என்ற அதிர்வு வெட்டுப்பட்டு, பிளாஸ்டிக் வாளியில் தட்டுவது போலக் கேட்கிறது. மூன்று இரவு இருந்து பார்த்தும் சரிவரவில்லை.

லெப்டொப் ஐ5, 8 ஜிபி ரம், விண்டோஸ் 10. மைக், இன்டர்பேஸ் (மைக்கை லெப்டொப்போடு இணைக்கும் பெட்டி), சொஃப்ட்வெயார் எல்லாம் சேர்த்து என்னால் 60,000 ரூபா வரை போட முடியும். என்னிடம் இருக்கும் எஃப்எல் லெப்டொப் வாங்கின கடையிலேயே போட்டுத் தந்தது, காசு கட்டியது இல்லை. அதையும் இந்த முறை ஒழுங்காக்க விரும்புகிறேன். எதற்கு மாறலாம்? அல்லது மாறாமலே இதைச் செய்ய வழி இருக்கிறதா?


கல்முனை_பீட்ஸ்:

தங்கச்சி, எஃப்எல்லை விட்டுவிட வேண்டாம். நான் 2019இல் காசு கட்டி வாங்கினேன், இன்றுவரை புதிய பதிப்பு ஒவ்வொன்றும் ஒரு சதம் செலவில்லாமல் வந்துகொண்டிருக்கிறது. ஒருமுறை வாங்கினால் ஆயுள் முழுக்க அப்டேட் இலவசம் என்பது இமேஜ் லைன் கொம்பனி பல வருடமாகக் காப்பாற்றி வரும் வாக்கு. டொலர் விலை ஏறி இறங்கும் எங்கள் நாட்டில் இதன் பெறுமதி என்னவென்று 2022இல் எல்லோரும் கண்டோம். பியானோ ரோலைப் பற்றி நான் சொல்லத் தேவையில்லை, றபான் மேளத்தின் அடியை நோட் நோட்டாக வைத்து அதில் ஒவ்வொரு அடிக்கும் பலத்தைக் கூட்டிக் குறைப்பது போல வேறு எதிலும் எனக்குக் கை ஓடுவதில்லை.

உங்கள் பிரச்சினைக்கு வருகிறேன். பாட்டை அடுக்கும் பிளேலிஸ்ட் திரையில் ஸ்னாப்பை, அதாவது கட்டத்தோடு ஒட்ட வைப்பதை, நிறுத்துங்கள். ஓடியோ கிளிப்பின் சனல் செட்டிங்கில் டைம் ஸ்ட்ரெச்சையும் (டெம்போவுக்கு ஏற்ப ஒலியை இழுப்பது) நிறுத்துங்கள். அப்போது டெம்போ என்னவாக இருந்தாலும் பதிந்த ஒலி பதிந்தபடியே இருக்கும், ஒருவரும் அதை இழுக்க மாட்டார்கள். கட்டத்தைக் கண்ணால் பார்க்கிறோம் என்பதற்காக அதற்குள் எல்லாவற்றையும் அடைக்க வேண்டும் என்று இல்லை.

வாங்குவதென்றால் ஒன்றைக் கவனியுங்கள். எடிஷனுக்கு எடிஷன் ஓடியோ வசதி மாறும், ஆகக் குறைந்த விலையைப் பார்த்து எடுத்துவிட வேண்டாம். குரலும் மேளமும் பதிகிறவர்களுக்கு புரொடியூசர் எடிஷன்தான். ட்ரையலில் எல்லாம் வேலை செய்யும், சேவும் ஆகும், ஆனால் சேவ் செய்த புரொஜெக்ட்டை வாங்கும்வரை மறுபடி திறக்க முடியாது. பாட்டை வேவ் ஓடியோ ஃபைலாக வெளியே எடுக்கலாம்.


வாவிக்கரை_ஸ்டூடியோ:

மகள், சொஃப்ட்வெயாரைப் பற்றிய கேள்விக்குக் கடைசியில் வருகிறேன், உன்னுடைய 60,000 ரூபாவை எங்கே போடுவது என்பதுதான் முதலில் பேச வேண்டியது.

முப்பது வருடமாக மட்டக்களப்பு டவுனில் இந்த வேலைதான் செய்கிறேன். கியூபேஸ்தான் என் வீடு. அது 1989இல் அட்டாரி கணினியில் வந்தது, ஒரு சொஃப்ட்வெயாருக்குள் மேலதிகமாகச் செருகும் சிறு நிரல்களை இன்று எல்லோரும் பிளகின் என்கிறார்களே, அந்த விஎஸ்டியை 1996இல் கொண்டுவந்ததும் அதே ஸ்டைன்பெர்க்தான். நல்ல கருவி. ஆனால் என்னிடம் இருக்கும் புரோவை நீ வாங்கத் தேவையில்லை. ஸ்டைன்பெர்க், யமஹா சாமான்களோடு கியூபேஸ் ஏஐ என்றும் வேறு சில கொம்பனிகளின் இன்டர்பேஸ்களோடு எல்ஈ என்றும் சிறிய பதிப்புகள் சும்மா வரும். பெட்டியைத் தூக்கி எறியமுன் உள்ளே இருக்கும் இலக்கத்தைப் பார், பலர் பார்ப்பதில்லை. முந்தி யூஎஸ்பி சாவி செருகினால்தான் கியூபேஸ் திறக்கும், 2022இல் வந்த 12ஆம் பதிப்போடு அந்தத் தொல்லை போய்விட்டது.

காசின் பெரும்பகுதி மைக்குக்கும் இரண்டு உள்ளீடு உள்ள இன்டர்பேஸுக்கும் போக வேண்டும். யூஎஸ்பியிலேயே மின்சாரம் எடுக்கும் இன்டர்பேஸாக வாங்கு. கரண்ட் போனாலும் லெப்டொப் பற்றரியில் இரண்டும் ஓடும், பதிவு அறுபடாது. தனியாக பிளக் குத்தும் மிக்சரை நடுவில் வைத்தால் கரண்ட் போன அந்த நிமிடமே பாட்டும் போய்விடும். இன்னொன்று, பதியும்போது உம்ம் என்று ஓர் இரைச்சல் கேட்டால் சார்ஜரைக் கழற்றிப் பார். எங்கள் 50 ஹேர்ட்ஸ் கரண்ட் எர்த் சரியில்லாத வீடுகளில் அந்த வழியாகத்தான் உள்ளே வருகிறது.

கடையில் போட்டுத் தந்த கொப்பியைப் பற்றி நீயாகவே சொன்னாய், அதனால் இதையும் கேள். பத்து வருடத்துக்கு முதல் நானும் அப்படி ஒன்றை ஸ்டூடியோக் கணினியில் விட்டேன். அதோடு வந்த வைரஸ் ஒரே இரவில் ஃபைல்களை எல்லாம் பூட்டிவிட்டது. அதற்குள் இரண்டு அம்மன் கோயில்களின் சடங்கில் பாடும் குளுத்திப் பாடல் பதிவு இருந்தது. பாடிய ஒருவர் அதற்குப் பிறகு காலமாகிவிட்டார். அந்தக் குரல் இன்று எங்கேயும் இல்லை. உன் அம்மப்பாவின் பாட்டு ஏறப்போகும் கணினியில் கிராக் (காசு கட்டாத கள்ளக் கொப்பி) எதுவும் இருக்கவே கூடாது.


திருக்கோவில்_கடல்:

நீங்கள் கேட்டது கூத்து என்பதால் நான் கட்டாயம் எழுத வேண்டும். நான்கு வருடமாக எங்கள் பகுதியில் கூத்தும் கண்ணகி அம்மன் சடங்கும் பதிந்து வருகிறேன், ரீப்பரில்.

வின்ஆம்ப்பை எழுதிய ஜஸ்டின் ஃபிராங்கல் 2006இல் இருந்து செய்துவரும் சொஃப்ட்வெயார் இது. 60 நாள் எந்தக் குறையும் இல்லாமல் முழுதாகப் பாவிக்கலாம், புரொஜெக்ட் திறக்கும், சேவ் ஆகும், எல்லாம். அப்புறம் 60 டொலர், இன்றைய கணக்கில் 18,000 ரூபா அளவு. இசையால் வருடத்துக்கு 20,000 டொலருக்கு மேல் உழைப்பவர்களுக்குத்தான் 225 டொலர். டவுன்லோட் சின்னது, போன் டேட்டாவிலேயே இறக்கிவிடலாம். 8 ஜிபி ரம் தாராளம்.

ஏன் கூத்துக்கு இதைச் சொல்கிறேன் என்றால், விடிய விடிய நடக்கிற ஒன்றைப் பதியும்போது வரும் பிரச்சினை ஸ்டூடியோவில் வராது. முதல் முறை ஒரு அரங்கேற்றத்தைச் சின்ன ரெக்கோர்டர் ஒன்றில் ஸ்டீரியோவாக, 48 கிலோஹேர்ட்ஸ், 24 பிட்டில் விட்டேன். அப்படிப் பதிந்தால் நிமிடத்துக்கு 17 எம்பிக்குச் சற்று மேல் பிடிக்கும். வேவ் ஃபைலின் தலைப்பில் அளவை எழுத 32 பிட் இடம்தான் உண்டு, ஆகவே ஒரு ஃபைல் 4 ஜிபியைத் தாண்ட முடியாது. கணக்குப் பார்த்தால் 4 மணித்தியாலமும் 8 நிமிடமும். இரவு 9 மணிக்குத் தொடங்கினேன், ஒரு மணிக்குச் சற்றுப் பின்னர் அது நின்றுவிட்டது. நான் கூத்து நடக்கும் களரியைப் பார்த்துக்கொண்டிருந்தேன், ரெக்கோர்டரைப் பார்க்கவில்லை. யுத்தக் காட்சி முழுவதும் போய்விட்டது. ரீப்பரில் ஃபைல் பெரிதானால் அதற்கேற்ற வடிவத்துக்குத் தானாக மாறச் சொல்லி வைக்கலாம். அதற்குப் பிறகு ஒன்பது மணித்தியாலம் ஒரே மூச்சில் பதிந்திருக்கிறேன்.

இனி உங்கள் டெம்போ. ரீப்பரில் புதிய புரொஜெக்ட் திறந்த உடனே புரொஜெக்ட் செட்டிங்கில் ஐட்டங்களின் டைம்பேஸை 'டைம்' என்று மாற்றுங்கள். தானாக அது 'பீட்ஸ்' என்றுதான் இருக்கும், அதை மாற்றாவிட்டால் நீங்கள் டெம்போவைத் தொட்ட நேரம் எல்லாம் ஓடியோவும் சேர்ந்து நகரும். மெட்ரோனோம் இல்லாமல் அவரைப் பாடவிடுங்கள். பதிந்த பிறகு ஒவ்வொரு தாள வட்டமும் தொடங்கும் இடத்தில் டெம்போ மார்க்கர் போட்டுக்கொண்டே போங்கள். நான்கு நிமிடப் பாட்டுக்கு ஒரு மணித்தியாலம் பிடிக்கும். முடிவில் அண்ணாவியாரின் நடை அப்படியே இருக்கும், கட்டம்தான் வளைந்து நெளிந்து அவர் பின்னால் வரும். அதன் மேல் நீங்கள் கீபோர்டு வாசித்தால் அதுவும் அவரோடு சேர்ந்து ஏறும்.


கல்முனை_பீட்ஸ்:

4 ஜிபி கதை எனக்குப் புதிது, நல்ல தகவல். டைம்பேஸ் விஷயத்தையும் ஒத்துக்கொள்கிறேன், எஃப்எல்லில் இப்படி வட்டத்துக்கு வட்டம் டெம்போவை வளைக்க ஓட்டோமேஷன் கிளிப் கீற வேண்டும், கை வலிக்கும். ஆனாலும் ரீப்பரில் வாத்தியச் சத்தம் ஒன்றும் சொல்லும்படி இல்லையே? திறந்தால் வெறும் சாம்பல் நிறத் திரை. புதிதாகப் பழகுகிற பிள்ளைக்கு அதைப் பார்த்த உடனே மனம் விட்டுப்போகும்.


திருக்கோவில்_கடல்:

உண்மைதான் நானா. சின்த், டிரம் என்று அதனோடு வருபவை மிகக் குறைவு. வெளியில் இருந்து இலவச பிளகின் தேடிப் போட வேண்டும். பதிதல், வெட்டுதல், மிக்சிங் இவற்றுக்குத் தேவையான ஈகியூ (கீழ், மேல் ஒலிகளைக் கூட்டிக் குறைப்பது), கொம்ப்ரசர் (சத்தத்தின் ஏற்ற இறக்கத்தைச் சமப்படுத்துவது), இரைச்சல் எடுக்கும் ரீஃபிர் எல்லாம் உள்ளேயே இருக்கின்றன.


ஆரையம்பதி_லண்டன்:

ஊர் ஆரையம்பதி, இப்போது இருப்பது லண்டன். ஒருவரும் ஆப்பிள் கொம்பனியின் லொஜிக் புரோ சொஃப்ட்வெயாரைப் பற்றி எழுதாததால் எழுதுகிறேன். 2018இல் வந்த ஸ்மார்ட் டெம்போ என்ற வசதி இந்த வேலைக்கென்றே செய்தது போல இருக்கும். மெட்ரோனோம் இல்லாமல் வாசித்ததை அதுவே கேட்டுப் பார்த்து டெம்போ வரைபடத்தைப் போட்டுவிடும். 199 டொலர், ஒருமுறைதான். ஏ.ஆர்.ரஹ்மானும் லொஜிக்தான் என்பது எல்லோருக்கும் தெரிந்தது.


வாவிக்கரை_ஸ்டூடியோ:

தம்பி, லொஜிக் நல்லதுதான், அது ஆப்பிளின் மக்கிலும் ஐபேடிலும்தான் ஓடும், விண்டோஸில் ஓடாது. அந்தப் பிள்ளையின் கையில் இருப்பது விண்டோஸ் லெப்டொப். மக் வாங்கும் காசுக்குப் படுவான்கரையில் ஒரு போக வேளாண்மைச் செலவையே பார்த்துவிடலாம். ஸ்மார்ட் டெம்போவும் டிரம் செட் போன்ற தெளிவான அடியில் நன்றாகப் பிடிக்கும், மத்தளமும் சல்லரி என்ற கைத்தாளமும் பிற்பாட்டுக்காரரும் ஒன்றாகச் சேர்ந்த இடத்தில் தடுமாறும். நான் ஒரு நண்பரின் மக்கில் போட்டுப் பார்த்துத்தான் சொல்கிறேன், கடைசியில் கையால்தான் திருத்தினோம்.

மகள், டெம்போவைப் பற்றி இவ்வளவு பேசினோம், சுருதியைப் பற்றி ஒருவரும் பேசவில்லை. உன் அம்மப்பா கீபோர்டைக் கேட்டுப் பாடுபவர் இல்லை. தன் தொண்டைக்கு எது சுகமோ அதில் எடுப்பார், அது கீபோர்டின் இரண்டு கட்டைகளுக்கு நடுவில் எங்கேயாவது நிற்கும். ஒரு கட்டைக்கும் அடுத்ததற்கும் இடையில் 100 சென்ட். அவர் 30 சென்ட் கூடப் பாடினால் கீபோர்டை 30 சென்ட் ஏற்று, எந்தச் சின்த்திலும் அதற்கு ஒரு திருகி உண்டு. அவருடைய குரலை ஓட்டோடியூனில் போட்டுக் கட்டைக்கு இழுத்துவிடாதே. தருவில் ஒரு சுரத்தில் இருந்து அடுத்ததற்கு அவர் எப்படி வழுக்கிப் போகிறார் என்பதில்தான் அந்தப் பாட்டு இருக்கிறது, அதை நேராக்கினால் மிஞ்சுவது வெறும் சொல்தான். யாழின் சுருதிகளைக் கணக்குப் போட்டுப் பார்த்த விபுலானந்த அடிகள் பிறந்த மண்ணில் இருந்துகொண்டு இதையாவது நாங்கள் காப்பாற்ற வேண்டும்.


வந்தாறுமூலை_மாணவன்:

லெப்டொப் இல்லாதவர்களுக்கும் ஒரு சொல். நான் போனில் பேண்ட்லாப் என்ற இசைச் செயலியைப் பாவிக்கிறேன், இலவசம். மெட்டு மறக்கமுன் பாடி வைக்கவும் தூரத்தில் இருக்கும் நண்பனோடு சேர்ந்து ஒரே பாட்டைச் செய்யவும் நல்லது. மேளம் பதிய மட்டும் சரிவராது. பல போன்களில் மைக் தானாகவே சத்தத்தைக் குறைத்துக் கூட்டுவதால் பறை அடித்த உடனே குரல் கீழே போய்விடுகிறது.


டச்பார்_வயலின்:

நாங்கள் பறங்கியர் குடும்பம். வீட்டில் கஃப்ரிஞ்ஞா ஆட்டத்துக்கு வயலின் வாசிக்கிறோம். எஃப்எல்லில் 6/8 வைத்துப் பதிந்து வருகிறேன், டைம் சிக்னேச்சரை மாற்றினால் போதும். என் பிரச்சினை தாமதம்தான். வில்லை இழுத்தபின் ஹெட்ஃபோனில் சத்தம் பிந்தி வந்தால் ஆட்டத்துக்கு வாசிக்கவே முடியாது. எந்தச் சொஃப்ட்வெயாரில் இது குறைவு?


திருக்கோவில்_கடல்:

அது சொஃப்ட்வெயாரைப் பொறுத்தது இல்லை அண்ணன், டிரைவரையும், ஒலியைத் தேக்கி அனுப்பும் பஃபரின் அளவையும் பொறுத்தது. 48 கிலோஹேர்ட்ஸில் பஃபர் 1024 என்றால் 21 மில்லிசெக்கன், 128 என்றால் 3க்கும் குறைவு, அதுவும் ஒரு வழிக்கு மட்டும். பதியும்போது 128, மிக்ஸ் செய்யும்போது 1024 என்று மாற்றி மாற்றி வையுங்கள். இன்டர்பேஸ் கொம்பனியின் சொந்த, தாமதம் குறைந்த ஏசியோ டிரைவரைப் போடுங்கள். லெப்டொப்பின் சவுண்ட் கார்டுதான் இருக்கிறது என்றால் ஏசியோ4ஓல் இலவசமாகக் கிடைக்கும்.


படுவான்கரை_பாட்டு:

எல்லோருக்கும் மிகவும் நன்றி. பதினைந்து நாள் எழுதாமல் இருந்ததற்குக் காரணம், சொன்னதை எல்லாம் செய்து பார்த்துவிட்டுத்தான் எழுத வேண்டும் என்று இருந்தேன்.

முதலில் லெப்டொப்பை முழுதாக அழித்து விண்டோஸைப் புதிதாகப் போட்டேன். எஃப்எல் ட்ரையலும் ரீப்பரும் இறக்கினேன். இன்டர்பேஸும் ஒரு மைக்கும் வாங்கினேன், மிச்சக் காசில் ரீப்பருக்குக் கட்டலாம். ஒரே தருவை இரண்டிலும் பதிந்தேன். நானா சொன்னபடி ஸ்னாப்பையும் ஸ்ட்ரெச்சையும் நிறுத்தினால் எஃப்எல்லிலும் மத்தளம் கெடாமல் வந்தது, அது உண்மை. ஆனால் அம்மப்பா ஒரு வரியில் பிழைவிட்டு "மறுகா முதலிலிருந்து படிப்பம்" என்று ஏழு தரம் எடுத்தார். அந்த ஏழையும் ஒன்றின் கீழ் ஒன்றாக வைத்து நல்ல துண்டுகளைப் பொறுக்குவது ரீப்பரில் கொஞ்ச நேரத்தில் முடிந்தது, எஃப்எல்லில் கிளிப்புகள் பிளேலிஸ்ட் முழுக்கச் சிதறி எது எதென்று தெரியாமல் போய்விட்டது. ஆகவே அம்மப்பாவின் பதிவுகளுக்கு ரீப்பர். டைம்பேஸை மாற்றிவிட்டு மார்க்கர் போட்டேன், முதல் பாட்டுக்கு இரண்டரை மணித்தியாலம், மூன்றாவதுக்கு 50 நிமிடம்.

சுருதி பார்த்தேன் அண்ணன், நீங்கள் சொன்னது போலவே நடுவில்தான் நிற்கிறார், 40 சென்ட் அளவு. பாட்டின் முடிவில் இன்னும் கொஞ்சம் ஏறுகிறார். கீபோர்டை ஏற்றி ஒரே ஒரு நீண்ட சுரம் மட்டும் அடியில் விட்டேன். அவரிடம் போட்டுக் காட்டினேன், கண்ணை மூடிக்கொண்டு கேட்டார், அப்புறம் விரலால் துடையில் தாளம் போட்டார்.

உம்ம் இரைச்சலும் இருந்தது. சார்ஜரைக் கழற்றினேன், நின்றுவிட்டது.


கல்முனை_பீட்ஸ்:

மாஷா அல்லாஹ், நல்ல வேலை செய்திருக்கிறீர்கள் தங்கச்சி. இனிமேல் கோயில் பாட்டுக்கு எஃப்எல் வாங்கும் எண்ணம் இருந்தால் ஒன்றைத் தெரிந்துகொள்ளுங்கள், எஃப்எல்லை ரீப்பருக்குள்ளேயே ஒரு பிளகின் ஆகத் திறக்கலாம். விண்டோஸில் எஃப்எல் போடும்போதே அந்த விஎஸ்டியும் சேர்ந்து வரும். ரீப்பரின் டெம்போவோடேயே அது ஓடும். நேற்று இரவு நானே முதல் தரம் செய்து பார்த்தேன். இவ்வளவு காலம் ஒன்றா மற்றதா என்றே கதைத்துக்கொண்டிருந்தேன், இனி எனக்கும் இரண்டும்தான்.


படுவான்கரை_பாட்டு:

இது தெரியவே தெரியாது நானா, கட்டாயம் செய்து பார்க்கிறேன்.

கடைசியாக ஒரு கேள்வி. வருகிற ஞாயிற்றுக்கிழமை பிற்பாட்டுக்காரர் மூன்று பேரும் சல்லரிக்காரரும் வருகிறார்கள். போன தரம் சல்லரி ஒன்றே எல்லாவற்றுக்கும் மேலே கேட்டது, ஈகியூவில் குறைத்தால் அம்மப்பாவின் குரலும் மங்கிவிடுகிறது. மைக் இரண்டுதான். எங்கே வைப்பது?


திருக்கோவில்_கடல்:

கூத்துக் களரியில் அண்ணாவியார் நடுவில் நிற்பார், அதே போல அவரையே நடுவில் வையுங்கள். ஒரு மைக் அவருடைய வாய்க்கு ஒரு முழத் தூரத்தில், சற்று மேலே இருந்து மத்தளத்தையும் பார்க்கிற மாதிரி. கார்டியோயிட் மைக் என்றால் அதன் முதுகுப் பக்கம் ஆகக் குறைவாகக் கேட்கும், ஆகவே சல்லரிக்காரரை அந்த முதுகுக்கு நேரே, இரண்டு பாகம், அதாவது பன்னிரண்டு அடி அளவு, தள்ளி நிற்க வையுங்கள். பிற்பாட்டுக்காரர் மூவரும் இரண்டாவது மைக்கைச் சுற்றி. விறாந்தையில் தகரக் கூரை என்றால் மழைக்கு முன், காலையிலேயே தொடங்கிவிடுங்கள். மின்விசிறியை நிறுத்த மறக்க வேண்டாம்.


படுவான்கரை_பாட்டு:

தகரம்தான் அண்ணன். காலை ஆறு மணிக்கே வரச் சொல்லிவிட்டேன். அம்மப்பா இப்போதே மத்தளத்தை வெயிலில் வைத்து வார் இழுத்துக்கொண்டிருக்கிறார்.